பனிக்காலத்துக்கு 225 அகல டயரா, 205 அகல டயரா?

மார்க்கம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்டாரியோ மாகாணத்தின் மார்க்கம் நகரில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கார் வாங்கியபோது அதில் இருந்த ஆல் சீசன் டயர்களை வைத்தே சென்ற குளிர்காலத்தை ஓட்டி முடித்தேன். முடித்தேன் என்பதைவிடத் தப்பித்தேன் என்பதே சரி. மார்ச் முதல் வாரத்தில் பேரி நகரிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும்போது, இரண்டு தடங்களுக்கு நடுவே வயல் வரப்பு போல நீளமாகக் குவிந்துகிடந்த சேற்றுப்பனியைக் கடந்து வலது தடத்துக்கு மாற முயன்றேன். முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறியதும் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போய்விட்டது. திருப்பிய பக்கம் கார் திரும்பவில்லை. ஓரிரு நொடிதான் அது நீடித்தது. ஆனால் பின்னால் ஒரு டிரெய்லர் லாரி வந்துகொண்டிருந்தது.

இந்த ஆண்டு குளிர்கால டயர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். என் டொயோட்டா கரோலாவில் இப்போது இருப்பது 225/40 ஆர் 18, அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 சதவீதம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். அதே அளவில் குளிர்கால டயர் வாங்கி, இருக்கும் அலாய் ரிம்மிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொரு கடையில், இரும்பு ரிம்முடன் சேர்த்து 205/55 ஆர் 16 வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் பனிக்கு நல்லது என்கிறார்கள். அலுவலக நண்பரோ, டயர் அகலம் குறைந்தால் தரையைத் தொடும் பரப்பும் குறையும், அப்படியானால் பிடிப்பும் குறையத்தானே செய்யும் என்று கேட்கிறார்.

எனக்கும் அந்தக் குழப்பம் உண்டு. கடற்கரை மணலில் சைக்கிள் சக்கரம் புதைந்துவிடும்; அகலமான டயர் போட்ட வண்டி புதையாமல் போய்விடும். பனியும் மணலைப் போலத்தானே? அப்படியிருக்க, குறுகிய டயர் பனியில் நல்லது என்பதற்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறதா, அல்லது ரிம்மையும் சேர்த்து விற்பதற்காகச் சொல்கிறார்களா?

மொன்றியல் ஓட்டுநர் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். மொன்றியலில் இருபத்தாறு வருடங்களாக வாகனம் ஓட்டுகிறேன், அதில் பாதிக்கு மேல் பொருள் விநியோக வான். நான் பொறியியல் படித்தவன் அல்லன். கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் பனி தள்ளும் இயந்திரம் விடிய நாலு மணிக்குப் போகும். நடுவீதியைத் துப்புரவாக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனி வரம்பைப் போட்டுவிட்டுப் போகும். என்னுடைய பழைய காருக்கு 195 அகல ரயர். மகனுடைய காருக்கு 235. இரண்டுமே நல்ல குளிர்கால ரயர்கள், இரண்டுமே முன்சில்லு, அதாவது முன்சக்கரம், இழுக்கும் வாகனங்கள். என்னுடையது பனியைக் கத்தி போலப் பிளந்துகொண்டு வெளியே வரும். மகனுடையது, சில்லுக்கு முன்னால் பனியைச் சேர்த்து ஒரு மேடு கட்டி, பிறகு அந்த மேட்டிலேயே ஏற முயன்று நின்றுவிடும். நீங்கள் இறங்கிப் போய் முன்சில்லுக்கு முன்னால் குனிந்து பார்த்தால் அந்தச் சின்ன மேட்டைக் கண்ணாலே காணலாம். அகலமான ரயர் ஓடிக்கொண்டே பனி தள்ளும் வேலையையும் செய்கிறது. அந்த வேலைக்குச் செலவாகும் பிடிப்பு எங்கேயிருந்து வரும்? ஏற்கனவே இருக்கிற கொஞ்சத்தில் இருந்துதான்.

400ஆம் நெடுஞ்சாலையில் உங்களுக்கு நடந்ததும் இதன் உடன்பிறப்புத்தான். சேற்றுப்பனி என்பது பாதி தண்ணீர். அதை வழியில் இருந்து பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ள ரயருக்கு நேரம் வேண்டும். அகலம் கூடக்கூட ஒதுக்க வேண்டிய அளவும் கூடும், நடுவில் இருக்கிற தண்ணீர் வெளியேற ஓட வேண்டிய தூரமும் கூடும். ஒதுக்க முடியாமல் போனால் ரயர் அதன்மேல் மிதக்கும். கையில் கனம் இல்லாமல் போனது என்று எழுதினீர்களே, அது மிதந்ததன் அடையாளம். தேய்ந்த ரயராக இருந்திருந்தால் இன்னும் மோசம். தவாளிப்பின், அதாவது ரயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தின், ஆழம் ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே போய்விட்டால், சட்டம் அனுமதித்தாலும் நான் பனியில் அதை நம்ப மாட்டேன்.

எங்கள் கியூபெக்கில் இது தெரிவே அல்ல. 2008இல் சட்டம் வந்தது. 2019 தொடக்கம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இங்கே பதிவான கார்கள் குளிர்கால ரயரோடுதான் ஓட வேண்டும். ரயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்த அடையாளம் இருக்க வேண்டும். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது தவாளிப்பின் வடிவத்தைக் குறிப்பதே தவிர, பனியில் சோதித்துப் பார்த்ததைக் குறிப்பதல்ல. உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. பெப்ரவரி, மார்ச்சில் வீதி முழுக்கக் குழிதான். 18 அங்குல ரிம்மில் உங்கள் ரயரின் பக்கச்சுவர் வெறும் 90 மில்லிமீற்றர். 16 அங்குலத்தில் அது 113 ஆகிவிடும். அந்தக் கூடுதல் இரப்பர்தான் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும். மகன் ஒரே குளிர்காலத்தில் இரண்டு அலாய் ரிம்மை வளைத்துக்கொண்டு வந்தான். அந்தப் பணத்துக்கு நாலு இரும்பு ரிம் வாங்கியிருக்கலாம் என்று சொன்னேன். அவனுக்கு இரும்பு ரிம் வடிவில்லையாம்.

ஒஸ்லோ பொறியாளர் எழுதியது:

மொன்றியல் அண்ணன் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் நண்பர் எழுப்பிய ஐயத்துக்கும் மணல் உவமைக்கும் நேரான பதில் இன்னும் வரவில்லை.

முதலில் பரப்பு. ரயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: அதன்மேல் இருக்கும் சுமை, உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கம். 1400 கிலோ எடையுள்ள ஒரு காரில் சில்லொன்றுக்கு ஏறக்குறைய 350 கிலோ விழும். அமுக்கம் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல்) என்றால் அந்தச் சுமையைத் தாங்க ஏறத்தாழ 140 சதுர சென்ரிமீற்றர் போதும், அதாவது ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய இடம். ரயர் 225 ஆனாலும் 205 ஆனாலும் இந்த எண் அதிகம் மாறாது; பரப்பின் வடிவந்தான் மாறும். அகலமான ரயரில் அது குறுக்காக நீண்டு, ஓடும் திசையில் குட்டையாக இருக்கும். குறுகிய ரயரில் ஓடும் திசையில் நீளும். ஆகவே உங்கள் நண்பர் சொல்வது போலப் பரப்பு பெரிதாகக் குறைந்துவிடாது.

அடுத்தது மணல். அந்த உவமையில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது: அடியில் கெட்டியான தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கடற்கரையில் அது சில்லுக்கு எட்டாது. எனவே புதையாமல் மேலேயே மிதப்பதுதான் வழி. ஐஸ்லாந்தின் பனியாறுகளில் ஓடும் பெரிய ஜீப்புகள் இந்தக் காரணத்தினால்தான் 38 முதல் 44 அங்குலம் வரை உயரமுள்ள மிக அகலமான ரயர்களைப் போட்டு, அமுக்கத்தை நாலைந்து பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கிக்கொண்டு போகின்றன. நெடுஞ்சாலையில் நிலைமை வேறு: பத்து சென்ரிமீற்றர் பனிக்குக் கீழே தார் இருக்கிறது. எட்டக்கூடிய தரை இருக்கும்போது அதை எட்டிப் பிடிப்பதுதான் இலாபம். சுவீடனில் நடக்கும் உலக ரலி போட்டியில் கார்கள் மிகக் குறுகிய, ஆணி பதித்த ரயர்களைப் போடுவதும், மேலே கிடக்கும் பனியை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் பனிக்கட்டியை ஆணி எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அகலம் பெரிய வேறுபாட்டைக் காட்டுவது புதுப்பனியிலும் சேற்றுப்பனியிலும் தேங்கிய நீரிலுமே. மற்றக் கார்கள் ஓடி ஓடி இறுகிப்போன பனியிலும், கண்ணாடி போன்ற பனிக்கட்டியிலும் 225க்கும் 205க்கும் இடையே பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்காதீர்கள். அங்கே வேலை செய்வது இரப்பரின் கலவையும், அதன்மேல் கீறியிருக்கும் நுண்ணிய வெட்டுகளும். கோடைக்கால ரயரின் இரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால இரப்பர் மிகக் கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும். அந்த வெட்டுகள் ஒவ்வொன்றும் தரையில் அழுந்தும்போது சற்றே விரிந்து, நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளால் பனியைச் சுரண்டிப் பிடிக்கும். தவாளிப்புக்குள் பனி அடைந்துபோவதைச் சிலர் குறை என்று நினைக்கிறார்கள். பனியில் அது நன்மையே. இரப்பர் பனியைப் பிடிப்பதைவிடப் பனி பனியை நன்றாகப் பிடிக்கும். பிள்ளைகள் பனியுருண்டை பிடிக்க முடிவதும் அதனால்தான்.

இந்தக் காரணத்தினால், அகலத்துக்கு முன்பு ரயரின் வகையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்பேன். நோர்வேயில் நாங்கள் குளிர்கால ரயரை மூன்றாகப் பிரித்துப் பேசுவோம். முதலாவது, ஆணி பதித்தது. இரண்டாவது, ஆணி இல்லாத வடநாட்டு வகை. மிக மென்மையான இரப்பர், கணக்கற்ற வெட்டுகள், பனிக்கட்டியில் பிடிப்பதற்கென்றே செய்தது. மூன்றாவது, நடு ஐரோப்பிய வகை. ஜெர்மனியின் ஈரமான நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதை மனத்தில் வைத்துச் செய்தது. மூன்றுக்கும் அதே மலையும் பனிப்பூவும் பொறித்த அடையாளம் கிடைக்கும். ஏனென்றால் அந்த அடையாளத்துக்கான சோதனை இறுகிய பனியில் பிடிப்பைத்தான் அளக்கிறது. பனிக்கட்டியில் எத்தனை மீற்றரில் நிற்கும் என்பதை அளப்பதில்லை. ஒரே அடையாளம் உள்ள இரண்டு ரயர்கள் பனிக்கட்டியில் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து பிறேக்கை முழுதாக அழுத்தினால், உராய்வுக் குணகம் (தரையில் எவ்வளவு பிடிப்பு என்பதைக் காட்டும் எண்) 0.8 உள்ள உலர்ந்த தாரில் 12 மீற்றரில் கார் நிற்கும், 0.25 உள்ள இறுகிய பனியில் 39 மீற்றர் வேண்டும், 0.1 உள்ள பனிக்கட்டியில் 98 மீற்றர். குணகம் 0.1இல் இருந்து 0.15 ஆக உயர்ந்தாலே 98 மீற்றர் 66 ஆகிவிடும். நாலு சில்லும் இழுக்கும் வாகனம் இந்தக் கணக்கில் எதையும் மாற்றாது. அது புறப்பட உதவுமே ஒழிய, நிற்க உதவாது.

மார்க்கம்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தரை எட்டுமா எட்டாதா என்ற விளக்கம் என் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. அஞ்சலட்டைக் கணக்கை நண்பரிடமும் சொன்னேன், அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. குறுகியது நல்லது என்றால் 205இல் ஏன் நிற்க வேண்டும், 195/65 ஆர் 15 வரை போகலாமா? மேலும், ரொறொன்ரோ பகுதியில் உப்புத் தூவிச் சாலையை விரைவில் துடைத்துவிடுகிறார்கள். குளிர்காலத்தின் பெரும்பகுதியில் நான் ஓட்டுவது பனியே இல்லாத, குளிர்ந்த, ஈரமான தாரில்தான். எனக்கு வடநாட்டு வகை தேவையா?

ஸ்காபரோ மெக்கானிக் எழுதியது:

வணக்கம் சார். பதினோரு ஆண்டுகளாக ஸ்காபரோவில் டயர் மாற்றும் வேலை செய்கிறேன். நவம்பர் வந்தால் இந்தக் கேள்வியைத் தினமும் பத்துப் பேர் கேட்பார்கள்.

வெளிவிட்டத்தைக் கணக்குப் போட்டால் 225/40 ஆர் 18க்கு 637 மில்லிமீட்டர், 205/55 ஆர் 16க்கு 632, 195/65 ஆர் 15க்கு 634.5 வருகிறது. மூன்றும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால், வேகமானி தவறாகக் காட்டுமோ என்ற கவலை வேண்டாம். 15 அங்குலத்தில் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ரிம்முக்குள்ளே பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் அடங்க வேண்டும். ஒரே மாடலாக இருந்தாலும் பெரிய ரிம்மோடு வரும் வண்டிக்குப் பெரிய பிரேக் இருக்கக்கூடும். டயரைப் பூட்டுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் உரசுகிறதா என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்க்காமல் மாட்டி அனுப்பி, இரண்டு தெரு தாண்டுவதற்குள் கறகறவென்ற சத்தத்தோடு திரும்பி வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஓட்டத்துக்கு 15 தேவையும் இல்லை. மொன்றியல் ஐயா சொல்வது போன்ற வாசல் வரப்பு உங்களுக்கு ஆண்டில் சில நாட்கள்தான் வரும். மீதி நாட்களில் உலர்ந்த 401ஆம் நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் போட வேண்டியிருக்கும்போது, மிகக் குறுகிய, பக்கச்சுவர் உயர்ந்த டயர் சற்றே தளதளவென்று ஆடும். 205 அகலம் நடுவான இடம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஒட்டி இருக்கும். வாங்கும் டயரின் சுமைக் குறியீட்டெண் அதில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 91 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள்.

வகையைப் பற்றி என் கருத்து: நகருக்குள் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் எது வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் பேரிக்குப் போய்வருகிறீர்கள். ஹியூரன் ஏரியின் ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து வரும் ஏரிப்பனி அந்தச் சாலையில் கால்மணி நேரத்தில் எதிரே இருப்பதை மறைத்துவிடும். அதற்குப் பிறகு அது உருகி உறைந்து கருப்புக் கண்ணாடி ஆகிவிடும். ஆகவே ஆணி இல்லாத வடநாட்டு வகையையே வாங்குங்கள். தாரில் அது சற்று விரைவாகத் தேயும், வளைவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஏப்ரலில் கழற்றி வைத்துவிட்டால் போதும். ஆணி டயர் தென் ஒன்டாரியோவில் பதிவான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை சில. பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் செய்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். தள்ளுபடி விலையில் கொடுத்தால் முதலில் அதைப் படியுங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அலாய் ரிம்முக்கு வந்த நட்டு எல்லா இரும்பு ரிம்முக்கும் பொருந்தாது. பொருந்தும் நட்டைக் கேட்டு வாங்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பி வந்து நட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். காற்றை வெளிக்குளிரில் அளந்து நிரப்புங்கள். 20 டிகிரியில் இருக்கும் பட்டறைக்குள் 35 நிரப்பிக்கொண்டு போனால், மறுநாள் காலை மைனஸ் 15இல் அது 29 ஆகியிருக்கும். டயரை மாட்டிய பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். 2016 முதல் ஒன்டாரியோவில் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

மார்க்கம்வாசி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். 205/55 ஆர் 16, இரும்பு ரிம், ஆணி இல்லாத வடநாட்டு வகை என்று முடிவு செய்து மாட்டிவிட்டேன். நட்டுகளை இறுக்கப் போனபோது ஒன்று கால் சுற்றுச் சுற்றியது.

முதல் பனி விழுந்த இரவு, வணிக வளாகத்தின் காலியான வாகன நிறுத்துமிடத்துக்குப் போய் 30 கிலோமீட்டர் வேகத்தில் பலமுறை பிரேக் அழுத்திப் பார்த்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. சென்ற ஆண்டு போல வழுக்கிக்கொண்டே போகாமல், நான் குறித்து வைத்த விளக்குக் கம்பத்துக்கு முன்பாகவே கார் நின்றது. உலர்ந்த சாலையில் வளைவு எடுக்கும்போது மெத்தென்று இருப்பது உண்மைதான். இரண்டு நாட்களில் பழகிவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேரியிலிருந்து திரும்பும்போது தடங்களுக்கு நடுவே அதே போன்ற சேற்றுப்பனி வரப்பு கிடந்தது. கடந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது, ஆனால் கனம் போகவில்லை. டயரை மட்டும் புகழ முடியாது. மார்ச்சில் நான் 100இல் வந்தேன், இந்த முறை 70இல் வந்தேன்.